அவர் சார்பில் பெற்றுக்கொள்பவர்

சங்கரன்கோவிலில் பிறந்த ஒருவன் சினிமா விருது எதுவும் வாங்காமல் காலம் தள்ள வேண்டுமென்றால் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும். எங்கள் பொதிகைச் சாரல் திரைக்கலைப் பேரவை அந்த அளவுக்குத் தீவிரமாக வேலை செய்கிறது. முதல் வருடம் பதினைந்து விருது கொடுத்தோம். போன வருடம் எண்பத்தெட்டு. பன்னிரண்டாவது வருடமான இந்த வருடம் நூற்றொன்று. படங்கள் கூடவில்லை, விருதுகள்தான் கூடின. சிறந்த படம், சிறந்த இயக்குநர் என்ற பழைய தலைப்புகள் தீர்ந்துபோனதும் சிறந்த முதல் பாதி, சிறந்த இரண்டாம் பாதி, சிறந்த இடைவேளைக் காட்சி என்று நாங்களே பிரித்துக்கொண்டோம். போன வருடம் சிறந்த இடைவேளைக் காட்சிக்கான விருது வாங்கிய படம் மொத்தமே ஐம்பது நிமிடம்தான், அதில் இடைவேளையே இல்லை என்று யாரோ வந்து சொன்னார்கள். அதற்குள் கொடுத்து முடித்திருந்தோம்.

என் பெயர் பவுல்பாண்டியன். ராஜபாளையம் ரோட்டில் அச்சகமும் ஷீல்டு கடையும் வைத்திருக்கிறேன். பேரவையின் இணைச் செயலாளரும் நான்தான். ஷீல்டு கடை இருப்பதால்தான் இணைச் செயலாளர் ஆக்கினார்கள் என்று ஊரில் பேசுகிறார்கள். ஊர் எப்போதாவது உண்மையும் பேசும்.

பேரவைத் தலைவர் அய்யாத்துரை, ரதவீதியில் மூன்று மாடி ஜவுளிக்கடை வைத்திருப்பவர். எங்கள் விழாவின் முதல் பெரிய சாதனை அவர் பெயரில்தான் இருக்கிறது. சிறந்த விழா அமைப்பாளர் விருதைப் பதினோரு வருடம் தொடர்ந்து வாங்கியிருக்கிறார். எல்லா விருதையும் தலைவர் கையால்தான் வழங்க வேண்டும் என்பது பேரவையின் விதி. ஆகையால் அந்த ஒரு விருதை மட்டும் இடது கையால் எடுத்துத் தன் வலது கையில் கொடுத்துக்கொள்வார். முகத்தில் ஆச்சரியமும் காட்டுவார். நடிப்புக்கே தனியாக ஒன்று கொடுக்கலாம் என்று எனக்கு ஒவ்வொரு வருடமும் தோன்றும்.

இரண்டாவது பெரிய சாதனையாளர் இசக்கித்துரை அண்ணாச்சி. அவரைப் பற்றிச் சொல்லத்தான் இதை ஆரம்பித்தேன்.

சினிமாக்காரர்கள் கடைசி நிமிடம் வரைக்கும் "வாரேன்" என்பார்கள், பிறகு போனை அணைத்துவிடுவார்கள். பாதிப் பேர் வரமாட்டார்கள். மேடையில் பெயரைக் கூப்பிட்டு ஆள் வரவில்லையென்றால் அசிங்கம். அதற்காகத் தலைவர் தன் கடையில் முப்பது வருடமாகச் சேலை எடுத்துக் காட்டும் இசக்கித்துரை அண்ணாச்சியை மேடைக்கு அனுப்ப ஆரம்பித்தார். வாடிக்கைக்காரர்கள் கேட்கிற சேலையைத் தன் தோளிலேயே போட்டு, முந்தானையைத் தொங்கவிட்டு, உடுத்தினால் இப்படித்தான் இருக்கும் என்று நின்று காட்டுவதில் அண்ணாச்சியை அடிக்க இந்த ஊரில் ஆள் இல்லை. வாங்குகிறவள் வீட்டுக்குக் கொண்டுபோவாள், இவர் தோள் அடுத்த சேலைக்குக் காலியாகிவிடும்.

மேடையிலும் அதே வேலைதான். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. வராதவர் கதாநாயகன் என்றால் நெஞ்சை நிமிர்த்தி வாங்குவார். வில்லன் என்றால் புருவத்தைத் தூக்குவார். நடிகை என்றால் கைகூப்பி, குரலை இறக்கி, "சகோதரி அவர்கள் கண்ணீரோடு என்னிடம் சொல்லி அனுப்பினார்கள்" என்பார். சகோதரிக்கு இப்படி ஒரு ஊர் இருப்பதே தெரியாது. கடைசியில் ஒரே ஒரு வாக்கியம் மட்டும் எல்லோருக்கும் பொது. "அவர் உடம்பு எங்கே இருந்தாலும் உள்ளம் இந்த மேடையிலேதான் நிற்கிறது." இதற்கு விசில் பறக்கும். நேரில் வந்து வாங்கியவனுக்கு அவ்வளவு கைத்தட்டல் கிடையாது.

அவர் வாங்கிய ஷீல்டு எங்கே போகும் என்று ஜனங்களுக்குத் தெரியாது. மேடையின் இடதுபக்கம் இறங்கினால் திரைக்குப் பின்னால் ஒரு தகரப் பெட்டியோடு நான் நிற்பேன். அண்ணாச்சி என்னிடம் கொடுத்துவிட்டு அடுத்த பெயருக்கு மறுபடி ஏறுவார். அடுத்த வருடம் அதே ஷீல்டில் புது ஸ்டிக்கர் ஒட்டி வேறு ஒருவருக்குக் கொடுப்போம். சில ஷீல்டுகளை நகத்தால் சுரண்டினால் ஆறேழு வருடத்துச் சிறந்த நடிகர்கள் ஒருவர்மேல் ஒருவர் படுத்திருப்பார்கள். பதினோரு வருடத்தில் அண்ணாச்சி இப்படி நூற்று அறுபத்து மூன்று விருது வாங்கிப் பெட்டியில் போட்டிருக்கிறார். அவர் பெயரில் ஒன்றுமில்லை.

இந்த வருடம் ஒரு தவறு நடந்துவிட்டது. அதற்கு முழுக் காரணம் ஜாய்ஸ் டீச்சர்.

நடுவர் குழுவில் படித்தவர் ஒருவர் இருந்தால் லெட்டர்பேடு நன்றாக இருக்கும் என்று ஓய்வுபெற்ற தலைமையாசிரியையான அவரைச் சேர்த்தோம். அவரும் எங்கள் சர்ச் சபைதான். நடுவர் என்றால் கையெழுத்துப் போடுகிறவர் என்பது எங்கள் வழக்கம். நடுவர் என்றால் படம் பார்க்க வேண்டும் என்று டீச்சர் நினைத்துவிட்டார். யாராவது முன்கூட்டியே பக்குவமாக எடுத்துச் சொல்லியிருக்கலாம். பென்டிரைவில் போட்டுக் கொடுத்த முப்பத்து நான்கு படத்தையும் ஒரே மாதத்தில் பார்த்து, நீளத்தாளில் மார்ஜின் போட்டு, சிவப்பு மையில் திருத்திக்கொண்டு வந்து என் கடை மேஜைமேல் வைத்தார். "கவனம் போதாது." "பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதியது." "அடித்தல் திருத்தல் அதிகம்." ஒவ்வொரு படத்துக்கும் இப்படியே. ஒரே ஓர் இடத்தில் மட்டும் சரி போட்டு, தொண்ணூற்றொன்று என்று மார்க் போட்டு, கீழே கையெழுத்தும் போட்டிருந்தார். சிறந்த குணச்சித்திர நடிகர், இசக்கித்துரை.

ராயகிரிப் பையன் பிரவின்ராஜ் எடுத்த படம் அது. தியேட்டரில் மூன்று நாள் ஓடியது. ஒரு வயசாளி வேண்டுமென்று தலைவரிடம் கேட்டு அண்ணாச்சியை இரண்டு நாள் கூட்டிக்கொண்டு போயிருந்தான். படத்தில் நாலு நிமிடம் வருவார். மகள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டைவிட்டுப் போய்விட்டாள். அப்பன் ஜவுளிக்கடைக்குப் போய் மகளுக்குப் பிடித்த நிறத்தில் ஒரு சேலையை எடுக்கச் சொல்லி, மடியில் வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு, வாங்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகிறார். வசனம் கிடையாது. முப்பது வருடம் விற்கிற பக்கம் நின்ற மனிதர் வாங்குகிற பக்கம் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். டீச்சர் போன பிறகு கடையில் தனியாக அந்த நாலு நிமிடத்தைப் பார்த்தேன். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டேன்.

"டீச்சர், மத்த விருதெல்லாம் யாருக்குன்னு எழுதலியே?" என்று மறுநாள் சபையில் வைத்துக் கேட்டேன்.

"மத்ததெல்லாம் நீங்க யாருக்கு வேணும்னாலும் குடுத்துக்கிடுங்க, பவுலு. அதுக்கும் எனக்கும் சம்பந்தம் இல்ல. கையெழுத்துப் போட்ட பேப்பர்ல மட்டும் கை வைக்கப்பிடாது."

தலைவரிடம் போய்ச் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தார். நூறு தலைப்பு வரைக்கும் யோசித்து மண்டை காய்ந்து உட்கார்ந்திருந்தவருக்கு நூற்றொன்றாவது தலைப்பு தானாக வந்ததில் மகிழ்ச்சிதான். "சரி, கடைசில போட்டுரு. நம்ம கடை ஆளுதானே" என்றார். படத்தைப் பார்த்து விருது கொடுப்பது எங்கள் பேரவை வரலாற்றில் அதுதான் முதல் தடவை.

நான் கடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னபோது அண்ணாச்சி ஒரு கல்யாணக் கூட்டத்துக்கு நடுவில் மாம்பழ நிறச் சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்.

"அண்ணாச்சி, இந்த வருசம் குணச்சித்திர நடிகர் விருது ஒங்களுக்கு."

"யாரு சார்புல, பவுலு? யாரு வரலியாம்?"

"யாரு சார்புலயும் இல்ல. ஒங்க பேருலதான்."

தோளில் கிடந்த சேலையை எடுத்து மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார். கல்யாணப் பெண்ணின் அம்மா, "அதையே போட்டுருங்க" என்றாள். அவர் காதில் விழவில்லை.

இரண்டு நாள் கழித்து அவர் மனைவி கோமதித்தாய் மதினி என் கடைக்கு வந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"தம்பி, அந்த ஷீல்டு எம்புட்டு ஒசரம் இருக்கும்?"

"பதினோரு இஞ்சு, மதினி. எதுக்குக் கேக்கிய?"

"ஷோகேஸ்ல நடுத்தட்டுக் கண்ணாடிய ஒசத்தணும். நாளைக்கு ஆசாரி வாராரு." மேஜைமேல் கையை வைத்து அளந்தார். ஒரு சாண், நாலு விரல். "பதினோரு வருசமா கேபிள் டிவில பாக்கேன் தம்பி, ரெண்டு கையிலயும் ஷீல்டோட நிக்காவ. வீட்டுக்கு வரும்போது தூக்குச்சட்டி மட்டுந்தான் வருது. பக்கத்து வீட்டுக்காரி, வாங்குன கப்பெல்லாம் எங்கக்கா வச்சிருக்கியன்னு கேக்கா. பேங்கு லாக்கர்ல இருக்குன்னு சொல்லி வச்சிருக்கேன். எத்தன வருசந்தான் லாக்கரத் தொறக்காம இருக்க முடியும்?"

அன்றைக்கே பித்தளைத் தகட்டில் அண்ணாச்சியின் பெயரை மெஷினில் பொறித்தேன். ஸ்டிக்கர் இல்லை. நான்கு மூலையிலும் திருகாணி வைத்து முடுக்கினேன். பன்னிரண்டு வருடத்தில் நான் பேரவைக்குச் செய்த ஒரே அசல் ஷீல்டு அதுதான் என்பதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

விழா ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு. அதே கல்யாண மண்டபத்தில் சாயங்காலம் ஒரு நிச்சயதார்த்தம் இருந்ததால் ஆறு மணிக்குள் காலி செய்ய வேண்டும். பஸ் ஸ்டாண்டிலிருந்து ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் பிளெக்ஸ். "ஒரே மேடையில் 101 திரை விருதுகள்! உலக சாதனை!" அதில் தலைவர் கைகூப்பி நின்றார். அவருக்குப் பின்னால் பூமி உருண்டை மிதந்தது. சாதனையைப் பதிவு செய்ய பேரண்டச் சாதனைப் பதிவேடு என்ற நிறுவனத்திலிருந்து நஸ்ரின் பானு என்ற பெண் அதிகாரி சென்னையிலிருந்து வந்திருந்தார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட், முகத்தில் சிரிப்பு மருந்துக்கும் இல்லை. பிரியாணி சாப்பிடக் கூப்பிட்டோம். வேலை முடிந்த பிறகுதான் என்றார்.

மற்றவர்கள் அப்படி ஒழுங்கு பார்க்கவில்லை. சாப்பிட்டுவிட்டுத்தான் விருது வாங்க வந்தார்கள். சிலர் சாப்பிட்டதோடு சரி. கோமதித்தாய் மதினி மூன்றாவது வரிசையில் நீலக் கட்டம் போட்ட சேலையில், மடியில் மஞ்சப்பையை மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பை எதற்கு என்று நான் கேட்கவில்லை.

அண்ணாச்சி வழக்கம்போல ஏறினார், வாங்கினார், பேசினார், இறங்கினார், என் பெட்டியில் போட்டார். மும்பையில் படப்பிடிப்பு. மலேசியாவில் கலைநிகழ்ச்சி. முதுகுவலி. எழுபதாவது விருது முடிந்தபோது நஸ்ரின் பானு மேடைக்குப் பின்னால் வந்து தலைவரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சார், இது ரெக்கார்டு ஆகாது."

தலைவருக்குப் புரியவில்லை. "ஏம்மா, கணக்குச் சரியாத்தானே வருது? நூத்தியொண்ணு வந்துரும்."

"நேர்ல வந்து வாங்கினாத்தான் சார் விருதுன்னு கணக்கு. நேர்ல வாங்காத விருதை நாங்க விருதாவே எடுத்துக்க மாட்டோம். ஃபார்ம்ல நாலாவது பக்கத்துல போட்டிருக்கு. எழுபதுல முப்பத்தேழு பேர்தான் நேர்ல வந்திருக்காங்க. மீதி முப்பத்து மூணும் அந்த வெள்ளைச் சட்டைக்காரர் ஒருத்தரே வாங்கியிருக்கார்."

தலைவர் என்னைப் பார்த்தார். அவர்கள் அனுப்பிய அந்த நாலு பக்கத்தையும் அச்சடித்தவன் நான்தான். அச்சடிக்கிறவன் படிக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை.

அடுத்த பத்து நிமிடத்தில் தலைவர் ஒரு முயற்சி செய்து பார்த்தார். பந்தியில் நின்ற சமையல் மாஸ்டருக்குச் சால்வை போட்டு, ஒளிப்பதிவாளராக மேடைக்கு அனுப்பினார். நஸ்ரின் பானு ஆதார் கேட்டார். மாஸ்டர் சால்வையோடு அடுப்படிக்கே போய்விட்டார். தலைவர் வேர்த்து வடிந்தார். ஊர் முழுக்கப் பிளெக்ஸ். கேபிளில் நேரடி ஒளிபரப்பு. அவர் நிலைமையைப் பார்த்து எனக்கே பரிதாபமாக இருந்தது, அடுத்த வார்த்தையை அவர் பேசும் வரைக்கும்.

"வேற ஏதாவது சாதனை இருக்காம்மா?" என்றார். கடையில் வேறு கலர் இருக்கா என்று கேட்பார்களே, அப்படி.

நஸ்ரின் பானு டேப்லெட்டைத் தடவினார். மேடையில் அண்ணாச்சி ஒரு நகைச்சுவை நடிகருக்காகக் குரல் தழுதழுத்துக்கொண்டிருந்தார். "இவர் எத்தனை வருஷமா இப்படி வாங்குறார்?" என்று நஸ்ரின் பானு என்னிடம் கேட்டார். நான் சொன்னேன். போன வருடம் வரைக்கும் நூற்று அறுபத்து மூன்று, பட்டியல் எல்லாம் கடையில் இருக்கிறது, வீடியோவும் இருக்கிறது. முதல் தடவையாக அந்தப் பெண் முகத்தில் வெளிச்சம் வந்தது.

"இது இதுவரைக்கும் எங்கேயும் பதிவாகல சார். தன் பேர்ல ஒரு விருதுகூட வாங்காம, மத்தவங்க சார்பா அதிக விருது வாங்கின தனிநபர். புதுப் பிரிவா திறக்கலாம். ஆனா அவர் தன் பேர்ல ஒண்ணுகூட வாங்கியிருக்கக் கூடாது. வாங்கிட்டா அவரும் விருதாளர் ஆயிடுவார். அந்தப் பிரிவுல அவரைவிடப் பெரிய ஆளுங்க இருக்காங்க."

தலைவர் பட்டியலின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். நூற்றொன்று. இசக்கித்துரை.

"பவுலு, அந்த ஸ்டிக்கரக் கிழிச்சிரு."

"ஸ்டிக்கர் இல்ல, தலைவரே. பித்தளையில பொறிச்சிருக்கேன்."

"ஒன்ன யாருவே பொறிக்கச் சொன்னா? சரி, பேரக் கூப்பிடாம விட்டுருவோம்."

திரைக்கு அந்தப் பக்கம் நடுவர்கள் வரிசையில் இருந்த ஜாய்ஸ் டீச்சருக்குக் காது நன்றாகக் கேட்கும். முப்பத்தாறு வருடம் பின்பெஞ்சு பேசுவதைக் கேட்டுப் பழகிய காது. எழுந்து வந்தார். "அய்யாத்துரை, பேரக் கூப்பிடலன்னா மைக்க நான் வாங்கிக் கூப்பிடுவேன்" என்றார். தலைவர் அவரிடம் ஏழாம் வகுப்புப் படித்தவர்.

அதற்கும் நஸ்ரின் பானுவே வழி சொன்னார், கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல், விதியை விளக்குகிற குரலில். பெயரைக் கூப்பிடலாம். அவர் நேரில் போய் வாங்கக் கூடாது, அவ்வளவுதான். அவர் சார்பில் வேறு யாராவது வாங்கினால் நாலாம் பக்கத்தின்படி அது விருதே இல்லை.

அண்ணாச்சி நகைச்சுவை நடிகரின் ஷீல்டோடு இறங்கி வந்தார். தலைவர் அவர் தோளில் கையைப் போட்டார். முப்பது வருடத்தில் நான் பார்க்க அந்தத் தோளில் சேலையைத் தவிர வேறு ஒன்று விழுந்தது அதுதான் முதல் தடவை.

"இசக்கி, ஊரு மானம் ஒம்ம கையிலதான் இருக்கு. உலக சாதனைவே! ஒம்ம பேரு உலகம் பூரா வரப்போவுது. ஒண்ணே ஒண்ணுதான். ஒம்ம விருத நீரு வாங்கப்பிடாது. நீரு வரலன்னு சொல்லி, ஒம்ம சார்புல நான் வாங்கிக்கிடுதேன்."

அண்ணாச்சி மேடையைப் பார்த்தார். பிறகு திரை இடுக்கு வழியாக மூன்றாவது வரிசையைப் பார்த்தார்.

"ஷீல்டு, மொதலாளி?"

"அது பொட்டியில கெடக்கட்டும்வே. சாதனைச் சான்றிதழப் பெருசா ஃபிரேம் போட்டு நம்ம கடை வாசல்லயே மாட்டுவோம். ஷீல்டு அடுத்த வருசம் பாத்துக்கிடலாம்."

"சரி, மொதலாளி" என்றார் அண்ணாச்சி.

எனக்கு அந்தத் தகரப் பெட்டியைத் தூக்கி எறிய வேண்டும்போல இருந்தது. எறியவில்லை. தலைவர்மேல் வந்த கோபத்தில் பாதி என்மேல்தான். ஆசாரி கண்ணாடியை உயர்த்திவிட்டுப் போனதும், பக்கத்து வீட்டுக்காரியும், பேங்கு லாக்கரும் எனக்குத் தெரியும், தலைவருக்குத் தெரியாது. தெரிந்த நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். மீதி விருதுகளும் ஓடின. அண்ணாச்சி ஏறினார், இறங்கினார். "அவர் உடம்பு எங்கே இருந்தாலும்" என்று சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் தடுக்கியது. ஜனங்கள் அதையும் நடிப்பென்று நினைத்துக் கூடுதலாகக் கை தட்டினார்கள்.

நூறு முடிந்தது. அதில் நேரில் வந்தவர்கள் ஐம்பத்திரண்டு பேர், அண்ணாச்சி வாங்கியது நாற்பத்தெட்டு. மணி ஐந்தரை. நிச்சயதார்த்தக்காரர்கள் வாசலில் வாழைமரத்தோடு வந்து நின்றார்கள். தொகுப்பாளர் கடைசிச் சீட்டைப் பிரித்தார்.

"நூற்றொன்றாவது விருது! சிறந்த குணச்சித்திர நடிகர், நம்ம ஊர் இசக்கித்துரை!"

மண்டபம் அதிர்ந்தது. அன்றைக்கு அதுவரை கேட்டதெல்லாம் கைத்தட்டலே இல்லை என்று தோன்றியது. வாழைமரம் பிடித்திருந்தவன்கூட மரத்தைச் சாய்த்து வைத்துவிட்டுத் தட்டினான். தொகுப்பாளர் சீட்டின் மறுபக்கத்தைத் திருப்பினார். கையில் கொடுத்ததை யோசிக்காமல் படிக்கிற பையன்.

"தவிர்க்க முடியாத காரணத்தால் திரு இசக்கித்துரை அவர்கள் இன்று நேரில் வர இயலவில்லை."

கைத்தட்டல் அந்தரத்தில் நின்றது. எல்லோர் கண்ணும் மேடை ஓரத்துக்குப் போனது. பத்தடி தூரத்தில், திரைக்கு வெளியே பாதி உடம்பு தெரிய, திரு இசக்கித்துரை அவர்கள் வெள்ளைச் சட்டையில் தலையைக் குனிந்து நின்றுகொண்டிருந்தார். யாரோ சிரித்தார்கள். அப்புறம் பல பேர் சிரித்தார்கள். தலைவர் மைக்கைப் பிடித்துத் தொண்டையைச் செருமினார்.

மூன்றாவது வரிசையில் கோமதித்தாய் மதினி எழுந்தார். மஞ்சப்பையை இடுக்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், முன்பக்கப் படி வழியாக நேராக மேடை ஏறினார். தலைவர் கையில் இருந்த ஷீல்டை இரண்டு கையாலும் பிடித்தார். தலைவர் உடனே விடவில்லை. கேபிள் கேமரா கிட்டே வந்ததும் விட்டார். மதினி மைக் பக்கம் திரும்பினார். அண்ணாச்சியை அவர் ஒரு தடவைதான் பார்த்தார்.

"எல்லாருக்கும் வணக்கம். அவுக வரல. அவுகளுக்கு ஊரு வேல நெறைய இருக்கு. பன்னெண்டு வருசமா யாரு யாருக்கோ வாங்கிட்டு இருக்காவ, இத வாங்க நேரம் இல்ல. அதனால அவுக சார்புல நான் வாங்கிக்கிடுதேன்." மைக்கை இன்னும் கிட்டே இழுத்தார். வீட்டில் எத்தனை தடவை கேட்டிருப்பாரோ. "அவுக ஒடம்பு எங்க இருந்தாலும் உள்ளம் இந்த மேடையிலதான் நிக்கி."

முதலில் சிரித்தவர்களில் ஒருவரும் இப்போது சிரிக்கவில்லை. ஜாய்ஸ் டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மதினிக்கு எங்கள் வழக்கம் தெரியாது என்றுதான் அப்போது நினைத்தேன். இடதுபக்கம் என் பெட்டி இருக்கும் திசைக்கு வராமல், ஏறின படியிலேயே இறங்கி, ஷீல்டை மஞ்சப்பைக்குள் வைத்து, நடுவழியாக நடந்து வாசலுக்குப் போனார். வாழைமரக்காரன் ஒதுங்கி வழி விட்டான். "பவுலு, ஷீல்டப் பிடி!" என்று தலைவர் பல்லைக் கடித்தார். நான் பெட்டியை மூடிப் பூட்டுப் போடுவதில் மும்முரமாக இருந்தேன். அண்ணாச்சி திரை ஓரத்திலிருந்து கீழே குதித்தார். அறுபத்தொரு வயதில் அவ்வளவு வேகம் நான் எதிர்பார்க்கவில்லை. மனைவி பின்னாலேயே போய்விட்டார்.

பிறகு உலக சாதனை அறிவிக்கப்பட்டது. இருநூற்றுப் பதினொன்று. நாலாம் பக்கத்தின்படி எல்லாம் சரியாக இருந்தது, அந்த நூற்றொன்றாவது விருது உட்பட. ஆளைக் கூப்பிட்டார்கள். இல்லை. "திரு இசக்கித்துரை அவர்கள் சார்பில் தலைவர் அய்யாத்துரை பெற்றுக்கொள்கிறார்" என்றார் தொகுப்பாளர். தலைவர் இடது கை, வலது கை எதுவும் குழப்பிக்கொள்ளாமல் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். நஸ்ரின் பானு அதன் பிறகுதான் பிரியாணி சாப்பிட்டார். மறு வாய்க்கு முன் என்னிடம் ஒரு ஃபாரத்தை நீட்டினார். சாதனையாளர் கையெழுத்து வேண்டுமாம்.

நான் பைக்கை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். சிவகிரி பஸ் நிற்கிற இடத்தில் இரண்டு பேரும் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மதினி மடியில் மஞ்சப்பை. அண்ணாச்சி ஃபாரத்தை முழங்காலில் வைத்து, என்ன ஏது என்று கேட்காமல், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். சட்டையில் வேர்வை காய்ந்திருந்தது.

"கோமதி," என்றார் மெதுவாக. "கொஞ்சம் கையில குடேன். பேரு எப்படிப் போட்டிருக்குன்னு பாத்துட்டுத் தாரேன்."

மதினி பையின் வாயை மட்டும் விரித்துப் பித்தளைத் தகட்டைக் காட்டினார். அண்ணாச்சி குனிந்து எழுத்துக்கூட்டிப் படிப்பதுபோல ரொம்ப நேரம் பார்த்தார். தொட விரலைக் கொண்டுபோனார். பை மூடிக்கொண்டது.

"வீட்டுல போயி பாருங்க. இங்கன ஒங்க கையில தரமாட்டேன்."

"ஏன்ட்டி?"

"தந்தா பழக்கதோசத்துல பவுல் தம்பி கையில குடுத்துருவிய."

ஃபாரத்தை வாங்குவதற்காகத்தான் நான் அப்போது கையை நீட்டிக்கொண்டு நின்றேன். அவர்கள் இரண்டு பேரும் அந்தக் கையைப் பார்த்தார்கள். நான் கையை மடக்கி என் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டேன்.